காயப்பட்ட காலம் ஒன்றைக் கடந்து வந்த நாயைத் தத்தெடுக்கிறீர்களா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

செல்லி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நான்கு நாட்கள் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கை விட்டு வெளியே வரவில்லை. இரவு விளக்கணைத்து எல்லோரும் படுத்த பிறகு எவர்சில்வர் தட்டு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். காலையில் பார்த்தால் சோறு காலியாகியிருக்கும், ஒரு மூலையில் ஈரம் இருக்கும், அவள் பழையபடி இடுக்குக்குள் சுருண்டிருப்பாள். எங்களுக்கு அழுகை வந்தது. அன்போடு அழைத்து வந்தோம், அது நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம்.

காப்பகத்து நாயைத் தத்தெடுக்கும் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடி, பசி, சங்கிலி, கைவிடல் என்று ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த நாய்க்கு முதலில் வேண்டியது கொஞ்சல் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் சோறு, ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்காருவது, தன் இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்ற நிச்சயம். இவை கிடைத்த பிறகு பாசம் தானாக வரும், அதுவும் அதன் பக்கத்திலிருந்தே வரும். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான். நான் சென்னையில் இருக்கிறேன், அதனால் உதாரணங்கள் சென்னை வீட்டிலிருந்து வரும்.

படி 1: நாயைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

வீட்டில் உள்ள ஒருவருக்கு விருப்பமில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். "வந்தா பழகிடுவாங்க" என்பது சாதாரண நாய்க்குட்டிக்குப் பொருந்தலாம். ஒரு குரல் உயர்ந்தாலே சிறுநீர் கழித்துவிடும் நாயை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சண்டை போட முடியாது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் வாயால் கேட்டால் போதாது, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "நாய் இருக்கும்னு சொல்லவே இல்லையே" என்று அவர் சொன்னால் நாய்க்குத்தான் மறுபடியும் காப்பகம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தார் ஆட்சேபித்தால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். நாய் வளர்க்கக்கூடாது என்று ஒரு சங்கம் தீர்மானம் போட முடியாது என்று அது சொல்கிறது. ஆனாலும் காகிதத்தை நீட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. பின்னால் நாய் குரைக்கும்போதும் காணாமல் போகும்போதும் அவர்கள்தான் துணை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தால் ஏற்கெனவே கடித்த வரலாறு உள்ள நாயை எடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குழந்தை ஓடும், கத்தும், திடீரென்று கட்டிப்பிடிக்கும். அது குழந்தையின் இயல்பு. பயந்த நாய்க்கு அதைப் புரிந்துகொள்ள வழியில்லை.

முதல் பத்து நாட்கள் வீட்டில் யாராவது ஒருவர் இருக்க முடியுமா என்றும் பாருங்கள். கல்யாண சீசன், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வாரம், தீபாவளிக்கு முந்தைய மாதம் எல்லாம் வேண்டாம்.

படி 2: காப்பகத்தில் கேட்க வேண்டியவை

சென்னையில் தத்தெடுப்பு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கிண்டியில் இருக்கும் ப்ளூ கிராஸ். 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய அமைப்பு அது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964-இலேயே செய்து காட்டியவர்கள். இன்று எல்லா ஊர்களிலும் சிறியதும் பெரியதுமாகக் காப்பகங்கள் இருக்கின்றன. தன் வீட்டு மாடியில் பத்து நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தனிமனிதர்களும் இருக்கிறார்கள். எங்கே போனாலும் ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள்.

காப்பகத்தில் இருக்கும் நாய்கள் எல்லாம் ஒரே விதமான கதையோடு வந்தவை அல்ல. வண்டியில் அடிபட்டுத் தூக்கி வரப்பட்ட தெருநாய் மனிதர்களிடம் இயல்பாகவே இருக்கலாம், வண்டிச் சத்தத்துக்கு மட்டும் நடுங்கும். குடும்பம் வேறு ஊருக்கு மாறியதால் வாசலில் கட்டிவிட்டுப் போன லாப்ரடார் உங்களிடம் உடனே ஒட்டிக்கொள்ளும், ஆனால் நீங்கள் கடைக்குப் போனால் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும். குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைக்கப்பட்டிருந்த தாய் நாய்க்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. ஆனாலும் பால் வற்றாத மடியோடு, புல்லில் கால் வைக்கப் பயந்து நிற்கும் நாய்கள் காப்பகங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. மொட்டை மாடியில் வருடக்கணக்கில் சங்கிலியில் கிடந்த நாய், சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், அவிழ்த்துவிட்ட பிறகும்.

அங்கே தினமும் சோறு வைக்கும் ஊழியரிடம் பேசுங்கள். நிர்வாகியைவிட அவருக்குத்தான் நாயைத் தெரியும். எப்போது வந்தது, யாராவது எடுத்துப் போய்த் திருப்பி விட்டார்களா, விட்டிருந்தால் ஏன், சாப்பிடும்போது பக்கத்தில் போனால் என்ன செய்கிறது, ஆண் பெண் வித்தியாசம் பார்க்கிறதா, மற்ற நாய்களோடு எப்படி, யாரையாவது கடித்திருக்கிறதா என்று கேளுங்கள். கடித்ததா என்று கேட்கத் தயங்க வேண்டாம். மருந்து போடும்போது வலியில் கடித்ததும், தூங்கும்போது தொட்டதால் கடித்ததும், காரணமே தெரியாமல் பாய்ந்து கடித்ததும் வேறு வேறு. கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். தடுப்பூசிச் சான்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்குச் செல்லியைக் காட்டிய ஊழியர் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "மேடம், இன்னைக்கு இது உங்ககிட்ட வராது. நாலு தடவை வந்து சும்மா உக்காந்துட்டுப் போங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க." அப்படியே செய்தோம். கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், வேகவைத்த கோழித் துண்டுகளை அவள் பக்கம் போட்டோம். மூன்றாவது முறை அவள் என் செருப்பை முகர்ந்தாள்.

ஒரு எச்சரிக்கை. பரிதாபத்தில் நாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருப்பதிலேயே மோசமான நிலையில் உள்ளதை எடுத்தால்தான் புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் நேரத்துக்குள், உங்கள் கையிருப்புக்குள் எந்த நாய் தேற முடியுமோ அதுதான் உங்களுக்கான நாய்.

படி 3: அழைத்து வரும் நாள்

இரு சக்கர வாகனம் வேண்டவே வேண்டாம். கார் அல்லது ஆட்டோ, இரண்டு பேர். ஆட்டோ என்றால் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பயணத்துக்கு முன் வயிறு நிறையச் சோறு வைக்கச் சொல்லாதீர்கள், வாந்தி எடுக்கும். பழைய துண்டு இரண்டு எடுத்துச் செல்லுங்கள், அதில் ஒன்றைக் காப்பகத்தில் அது படுத்திருந்த இடத்தில் துடைத்து எடுத்து வாருங்கள். அந்த வாசனை வீட்டில் அதற்குத் துணை.

கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் தலை சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும். உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்றும் கழுத்துப் பட்டை ஒன்றும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் கயிறு மாட்டுங்கள். கடையில் ஹார்னஸ் வாங்கும்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கட்டும். உங்கள் தொலைபேசி எண் எழுதிய சிறு தகடு அன்றைக்கே கழுத்தில் இருக்க வேண்டும். பெயர் பொறித்து அழகாகச் செய்ய நாளாகும் என்றால், பட்டையின் உட்புறம் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள்.

சொந்தக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். ஆரத்தி, கைதட்டல், போட்டோ எல்லாம் மூன்று மாதம் கழித்து.

பெயரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். செல்லிக்குக் காப்பகப் பதிவேட்டில் இருந்த பெயர் வேறு. முந்தைய வீட்டார் வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காதைப் பின்னுக்கு மடித்துத் தரையோடு ஒட்டிவிடுவாள். அந்தப் பெயர் எப்போதெல்லாம் சொல்லப்பட்டதோ தெரியாது, நல்லதற்குச் சொல்லப்படவில்லை என்பது மட்டும் தெரிந்தது. புதுப் பெயரை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு துண்டு கோழி போட்டோம். ஐந்தாறு நாளில் "செல்லி" என்றதும் காது முன்னால் வந்தது. உங்கள் நாய் பழைய பெயருக்கு வாலாட்டினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகக்காரர்கள் இந்த மூன்று மூன்று மூன்றை அடிக்கடி சொல்வார்கள். பதற்றம் சற்றே இறங்க மூன்று நாள், வீட்டின் நேரங்கள் புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று தோன்ற மூன்று மாதம். காயம் ஆழமான நாய்களுக்கு இதைவிட நிறையவே ஆகும். காலண்டரில் குறித்துவைத்துக் காத்திருக்க வேண்டாம், திசை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரே ஒரு அறையை அல்லது ஒரு மூலையை அதற்கு ஒதுக்குங்கள். மேசைக்கு அடியில் பழைய புடவையைத் தொங்கவிட்டால் குகை மாதிரி ஆகிவிடும். டைல்ஸ், மார்பிள் தரை பல தெருநாய்களுக்கு வழுக்கும், கோணிப்பையோ ஜமுக்காளமோ விரித்து நடைபாதை போட்டுக் கொடுங்கள். அது ஒளியும் இடத்திலிருந்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அந்த இடத்துக்குள் கையே போகக்கூடாது.

உணவைக் காப்பகத்தில் கொடுத்ததைப் போலவே ஒரு வாரம் தொடருங்கள். பெரும்பாலும் சோறும் கோழியுமாகத்தான் இருக்கும். பிறகு மெதுவாக மாற்றலாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லெட், வேகவைத்த எலும்பு ஆகியவை கூடவே கூடாது. மீந்த பிரியாணியைப் பாசத்தோடு வைக்கும் பெரியவர்களிடம் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் சத்தம். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், தெருவில் போகும் சாவு மேளம். நமக்குக் காதில்கூட விழாத இவை புது நாய்க்கு இடி மாதிரி. நாங்கள் மிக்ஸி போடும் முன் செல்லியின் மூலைக்கு ஒரு கைப்பிடி கோழியைத் தூவிவிட்டுப் போடுவோம். கதவை மூடி, முடிந்தவரை தூரத்தில். இரண்டு வாரத்தில் மிக்ஸியை மேடையில் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டதுமே வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

தொடுவது எப்போது? அது வந்து உங்கள் மேல் உரசிய பிறகு. அப்போதும் தலைமேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். மேலிருந்து வரும் கை அதற்கு அடியாகத் தெரியலாம். கையைக் கீழே வைத்து, மார்பிலோ தோள்பட்டையிலோ மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி கேட்டு நெருங்கினால் தொடருங்கள், விலகினால் விட்டுவிடுங்கள். இந்த நிறுத்திக் கேட்கும் பழக்கம்தான் நாய்க்கு "என் விருப்பத்துக்கு இங்கே மதிப்பு உண்டு" என்று கற்றுக் கொடுக்கிறது.

தெருவில் வளர்ந்த நாய்கள் பெரும்பாலும் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது, அதனால் வீட்டுப் பழக்கம் சீக்கிரம் வரும். சிமெண்ட் கூண்டிலேயே இருந்த நாய்க்கு நாளாகும். திட்டாமல் துடைத்துவிட்டு, சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப் போங்கள்.

படி 5: கால்நடை மருத்துவர்

முதல் வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். ரொம்பப் பயந்த நாய் என்றால் வீட்டுக்கு வரும் மருத்துவர் கிடைப்பாரா என்று பாருங்கள். சென்னையில் 1903 முதல் இயங்கிவரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான நோய் என்றால் பலரும் அங்கேதான் போகிறார்கள். கூட்டம் இருக்கும் என்பதால் பயந்த நாயை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் முறை வரும்போது உள்ளே கொண்டுபோவது நல்லது.

உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். நம் ஊர் காப்பக நாய்களில் இது சாதாரணம். சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது. தோல் சொறி, காது சீழ், பல், மூட்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடற்புழு மருந்து, ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் முதலிய தொற்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆகியவற்றின் தேதிகளை ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரம் தனித்தனியாக வைப்பது பாதுகாப்பு. மாநகராட்சி உரிமத்துக்கும் ரேபிஸ் சான்றுதான் அடிப்படை.

குணம் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் முதலில் மருத்துவர், அப்புறம்தான் பயிற்சியாளர். முதுகைத் தொட்டால் சீறும் நாய்க்கு இடுப்பில் பழைய எலும்பு முறிவு இருக்கலாம். காதைத் தொட்டால் கடிக்க வரும் நாய்க்குக் காதுக்குள் சீழ் இருக்கலாம்.

படி 6: பயத்தைத் துண்டு துண்டாகக் கரைப்பது

செல்லிக்குத் துடைப்பம் ஆகாது. அம்மா காலையில் துடைப்பத்தை எடுத்தால் போதும், வயிறு தரையில் படத் தவழ்ந்து வாஷிங் மெஷின் இடுக்குக்குள் போய்விடுவாள். அங்கேயே சிறுநீர் கழிப்பாள். அம்மாவுக்கும் கஷ்டம். "அதுக்குப் பயம்னா நான் வீட்டைப் பெருக்காம இருக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

யாரோ துடைப்பத்தால் அடித்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாய்க்குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினாலாவது வாரம் வரை பார்க்கிற ஆட்கள், பொருட்கள், சத்தங்களைத்தான் உலகத்தின் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் பார்க்காத எதுவும் பின்னால் பயமுறுத்தலாம். ஆகவே ஒவ்வொரு நடுக்கத்துக்குப் பின்னாலும் ஓர் அடியைக் கற்பனை செய்து நாம் உருகிக்கொண்டிருப்பதால் நாய்க்குப் பயன் எதுவும் இல்லை. காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே.

நாங்கள் செய்தது இது. முதலில் அம்மா பெருக்கும் நேரத்துக்குச் செல்லியை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்விட்டேன். பயிற்சிக்கு வெளியே அவள் துடைப்பத்தைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் நேற்றைய உழைப்பு வீண். மாலையில், கூடத்தின் அந்தக் கோடியில் துடைப்பத்தைத் தரையில் படுக்க வைத்தோம். இந்தக் கோடியில் செல்லி. அவள் அதைப் பார்த்ததும் ஒரு துண்டு கோழி. பார்வையைத் திருப்பினாலும் ஒரு துண்டு. இரண்டு நிமிடம், அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்து உள்ளே வைத்ததும் கோழியும் நின்றுவிடும். துடைப்பம் வந்தால் கோழி வரும், துடைப்பம் போனால் கோழியும் போகும். இந்த வரிசை மாறவே கூடாது. கோழியை முதலில் காட்டி வரவழைத்துத் துடைப்பத்தை நீட்டினால், கோழியைப் பார்த்தாலே பயப்பட ஆரம்பித்துவிடும்.

நாள்தோறும் ஒரு அடி, இரண்டு அடி என்று கிட்டே கொண்டுவந்தோம். எவ்வளவு தூரம் சரி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாய் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். பிடித்த கோழியைக்கூட வாங்க மறுத்தாலோ, விரலோடு சேர்த்துக் கவ்வினாலோ மிக நெருங்கிவிட்டீர்கள், பின்னால் போங்கள். இரண்டாவது வாரம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து நிறுத்தினோம், அதற்கு மறுபடியும் கோடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. படுத்திருக்கும் துடைப்பமும் நிற்கும் துடைப்பமும் நாய்க்கு வேறு வேறு பொருள். பிறகு ஒருவர் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பது. பிறகு ஒரே ஒருமுறை தரையில் உரசுவது, அந்தச் சரக்கென்ற ஒலிக்கு அவள் துள்ளி விழுந்தாள், நான்கு நாள் பின்வாங்கினோம்.

ஏழாவது வாரம் ஒரு காலை, அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். செல்லி சமையலறை வாசலில் நின்று, கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. அம்மா நிமிராமலே இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போட்டார். நான் சொல்லிக் கொடுக்காமலே அவர் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஹெல்மெட் போட்ட ஆள், குடை, லிஃப்ட், கைத்தடி என்று எந்தப் பயத்துக்கும் இதே முறைதான். ஒரு நேரத்தில் ஒரு பயம். ஒரே நாளில் மருத்துவர், விருந்தாளி, மழை இடி என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம், தூங்கட்டும்.

பயிற்சியாளர் வைப்பதென்றால், அவர் கழுத்தை இறுக்கும் சோக் சங்கிலி, முள் பட்டை, ஷாக் கொடுக்கும் மின்பட்டை பயன்படுத்துகிறாரா என்று முதலில் கேளுங்கள். "நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்று நாயைத் தரையில் அழுத்திப் பிடிப்பவர் வேண்டாம். அந்தத் தலைமைக் கோட்பாடு கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார்.

படி 7: உறுமலைத் தண்டிக்காதீர்கள்

உறுமல் என்பது நாய் பேசும் நாகரிகமான பேச்சு. "தள்ளிப் போ, எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறது. அதற்கு முன்பே சின்னக் குரலில் நிறையச் சொல்லியிருக்கும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்குவது, சட்டென்று சிலை போல உறைவது. உறைந்து நிற்பதை "எவ்ளோ சமத்தா நிக்குது பாரு" என்று நினைத்துவிடாதீர்கள், கடிக்கு முந்தைய நொடியாகவும் அது இருக்கலாம். உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும்.

உறுமினால் நின்ற இடத்திலிருந்து பின்வாங்குங்கள். எது அதை உறும வைத்தது என்று எழுதி வையுங்கள். தட்டருகே உறுமினால், சாப்பிடும்போது தொலைவிலிருந்து இன்னும் நல்ல துண்டைத் தட்டை நோக்கிப் போட்டுவிட்டு நடந்து போய்விடுங்கள். தட்டைப் பிடுங்கிப் பழக்கக்கூடாது. கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடையை, கூடை மாதிரியான வகையை, மெதுவாகப் பழக்கி வைப்பது அவமானமே இல்லை.

கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். முதல் நாளைத் தொடர்ந்து 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள், காயம் ஆழமென்றால் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம்.

படி 8: தனியாக இருக்கப் பழக்குவது

கைவிடப்பட்ட நாய்க்கு இது பெரிய சோதனை. சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு, வெளியே போகாமல் உட்காருங்கள். செருப்பை மாட்டிக் கழற்றுங்கள். பிறகு கதவுக்கு வெளியே பத்து நொடி, அப்புறம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். அழ ஆரம்பிக்கும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். பழைய போன் ஒன்றில் கேமராவை ஓடவிட்டுப் போனால் எத்தனை நிமிடத்தில் பதறுகிறது என்று தெரியும். எச்சில் வழிய மூச்சு வாங்குவது, கதவைக் கடிப்பது என்று போனால் மருத்துவரிடம் பேசுங்கள். சில நாய்களுக்குச் சில மாதம் மருந்து தேவைப்படும், அது கொடுமை இல்லை. தனியாக விடும்போது கட்டிப்போடாதீர்கள். குட்டையான, கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

படி 9: சரிவரவில்லை என்றால்

முயன்றும் முடியாமல் போகலாம். வீட்டில் ஒருவருக்குக் காயம், இருக்கும் நாயோடு தீராத சண்டை, உங்களுக்கே உடல்நிலை சரியில்லாமல் போவது. அப்போது எடுத்த காப்பகத்திடமே திரும்பப் பேசுங்கள், தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதம் அடுத்த வீட்டில் அதற்கு உதவும். ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது. அதே மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் நாயைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கும்.

படி 10: வாசல் கதவு

கடைசியாக வைத்தாலும் முதல் நாளிலிருந்தே வேண்டியது இது. செல்லி வந்த ஒன்பதாம் நாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்காகக் கதவைத் திறந்தேன். சிலிண்டர் தரையில் மோதிய சத்தத்தில் என் காலுக்கு இடையே புகுந்து படியிறங்கிப் போய்விட்டாள். பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். ஓடியது பெரிய தவறு, துரத்தத் துரத்த அவள் இன்னும் வேகமாக ஓடினாள். ஆறு மணி நேரம் கழித்து இரண்டு தெரு தள்ளி, நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் கண்கள் மட்டும் தெரிந்தன. இஸ்திரி போடும் அக்கா ஒருவர் பார்த்துச் சொன்னதால் கண்டுபிடித்தோம். தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, கோழி ஒவ்வொன்றாகப் போட்டேன். அவள் என் மடிக்கு வர நாற்பது நிமிடம் ஆனது.

ஆகவே வாசலுக்கு உட்புறம் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று மாட்டிவிடுங்கள். ஓடிப்போனால் துரத்தாதீர்கள், தெருவில் யாரையும் துரத்த விடாதீர்கள், எங்கே போகிறது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது படுத்திருந்த துணியை வாசலில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் இரவு அடங்கிய பிறகு தெரிந்த வாசனையைத் தேடி வரும்.

தீபாவளி வாரத்தில் இன்னும் கவனம். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் வைத்திருக்கிறது, ஆனால் சத்தம் அந்த நேரத்தோடு நிற்பதில்லை. மாலை நான்கு மணிக்குள் நடை முடிந்துவிடட்டும். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, யாராவது ஒருவர் கூடவே உட்காருங்கள். வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் வளர்ந்துவிடாது. மிகவும் நடுங்கும் நாய்க்குப் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் மருந்து கேட்டு வையுங்கள். நமக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மணி அடித்தால் தாழ்ப்பாளில் கை வைப்பதற்கு முன் "செல்லி எங்கே?" என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் "என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கதவு திறக்கும். இப்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அவளே எழுந்து போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள்.